கமெண்டை நீக்கினா கருத்துரிமை போச்சா?



நம்ம பக்கத்துல அட்மின் ஒரு கமெண்டை நீக்கினா போதும், அடுத்த அரை மணி நேரத்துல ஸ்கிரீன்ஷாட் சுத்த ஆரம்பிச்சிடுது. "கருத்துச் சுதந்திரம் பேசுற கட்சியோட லட்சணத்தைப் பாருங்க" என்று. எதிர்முகாம் சொன்னால் சிரித்துவிட்டுப் போகலாம். நம்ம ஆட்களே இன்பாக்ஸில் வந்து கேட்கிறார்கள். அப்போ பேசித்தான் ஆகணும்.

அரசியல் சட்டத்தின் 19ஆவது பிரிவு தரும் கருத்துரிமை முதலில் அரசாங்கத்தின் கையைத்தான் கட்டுகிறது. ஏன் கட்ட வேண்டியிருக்கிறது என்பதற்கு 2012 நவம்பரை நினைத்துப் பாருங்கள். பால் தாக்கரே மறைந்து மும்பை முழுக்க அடைத்துக் கிடந்தது. இதெல்லாம் எதுக்கு என்ற தொனியில் பால்கரைச் சேர்ந்த ஒரு இளம்பெண் ஃபேஸ்புக்கில் எழுதினார். அவருடைய தோழி அதற்கு லைக் போட்டார். இரண்டு பேரையும் போலீஸ் கைது செய்தது. ஆமாம், லைக் போட்டவரையும்தான்! தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு அதற்கு இடம் கொடுத்தது. பிறரைப் புண்படுத்தும் பதிவு என்றால் மூன்று ஆண்டு வரை சிறை. எது புண்படுத்தும் பதிவு? சட்டத்தில் விளக்கமே கிடையாது. புண்பட்டவருக்கு எவ்வளவு செல்வாக்கு என்பதே அளவுகோலாக இருந்தது.

2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே ரத்து செய்தது. ஒரு கருத்தை விவாதிப்பதும் அதற்காக வாதாடுவதும், கேட்பவருக்கு எவ்வளவு கசந்தாலும், உரிமைதான். தூண்டிவிடும் கட்டத்தை எட்டினால்தான் சட்டம் கை வைக்கலாம் என்றது. ரத்தான பிரிவில் அதன் பிறகும் போலீஸ் வழக்குப் போட்டுக்கொண்டிருந்ததும், 2021ல் உச்ச நீதிமன்றம் அதைக் கேட்டு அதிர்ந்து போனதும் தனிக் கொடுமை.

நம்ம ஊர் மட்டும் என்ன வாழுது? 2017ல் கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் நெல்லை கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஒரு குடும்பமே தீக்குளித்தது. அதைக் கண்டித்து வரைந்த கார்ட்டூனிஸ்ட் பாலாவைக் கைது செய்தார்கள். படம் ஆபாசம் என்றார்கள். குழந்தைகளோடு ஒரு குடும்பம் கருகிய இடத்தில் அதிகாரிகளுக்கு உறுத்தியது அந்தப் படம்!

இப்போ நம்ம கமெண்ட் பெட்டிக்கு வருவோம். இங்கே நீக்கப்பட்ட ஒருவர் அதையே தன் சொந்தப் பக்கத்தில் எழுதலாம். அதற்காக யாரும் அவர் வீட்டுக் கதவைத் தட்டப்போவதில்லை. ஆனா இதையே சாக்கா வெச்சு விமர்சனத்தையும் சேர்த்துத் தூக்கிடலாம்னு எந்த அட்மினுக்கும் ஆசை வரும். அந்த ஆசைக்கு இங்கே இடம் கிடையாது. "வாக்குறுதி என்னாச்சு?", "தலைவர் எடுத்த முடிவு தப்பு" இதெல்லாம் இருக்கும், பதிலும் சொல்வோம். சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவது, கொலை மிரட்டல், அடுத்தவர் போன் நம்பரைப் போட்டுவிடுவது, பெண்களின் உடலைப் பற்றிப் பேசுவது, இதெல்லாம் யார் எழுதினாலும் போகும்.

யார் எழுதினாலும் என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. மாற்றுக் கட்சியில் ஒரு பெண் பேட்டி கொடுத்தால் அவர் சொன்ன கருத்துக்குப் பதில் இருக்காது, அவர் குடும்பத்தையும் நடத்தையையும் பற்றி நூறு கமெண்ட் இருக்கும். எழுதுகிற ஐடியைத் திறந்தால் முகப்புப் படத்தில் நம்ம கொடி! அந்தப் பெண் அக்கவுண்டை மூடிவிட்டுப் போனால் பறிபோனது யாருடைய கருத்துரிமை? 

"நான் எழுதலைங்க, ஃபார்வர்டுதான் பண்ணேன்" என்பவர்களுக்கு ஒரு தகவல். பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய ஒரு பதிவை 2018ல் பகிர்ந்த எஸ்.வி.சேகரும் பிறகு பதிவை நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். பகிர்ந்தவரும் பொறுப்பாளிதான் என்று வழக்கை ரத்து செய்ய மறுத்தது சென்னை உயர் நீதிமன்றம். 2024 பிப்ரவரியில் சிறப்பு நீதிமன்றம் ஒரு மாத சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்தது.

இன்னொன்று, குறிப்பாக மாவட்ட ஐடி விங் தம்பிகளுக்கு. தலைவரைக் கிண்டலடித்து ஒரு மீம் வந்த உடனே மனு எழுதிக்கொண்டு சைபர் கிரைம் ஆபீஸுக்கு ஓடாதீங்க. மிரட்டலா, பெண்களின் படத்தை மார்ஃபிங் செய்ததா, தாராளமாகப் புகார் கொடுங்க, நாங்களும் கூட வர்றோம். வெறும் கிண்டல் என்றால் அதைவிட நல்ல மீமாகப் போடுங்க. கார்ட்டூனுக்குக் கைதா என்று நேற்று கேட்டுவிட்டு இன்று நாமே அந்த வாசலில் போய் நிற்க முடியாது.

உங்கள் கமெண்ட் தவறாக நீக்கப்பட்டதாக நினைத்தால் ஸ்கிரீன்ஷாட்டோடு இன்பாக்ஸுக்கு வாங்க. விமர்சனம்தான் என்று தெரிந்தால் அட்மின் பெயரிலேயே திரும்பப் போடுகிறோம்.