நீட்டிய கையைத் தட்டாதே, தம்பி

இந்த வாரத்துக் கூச்சலை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். யார் யாருடைய நம்பிக்கையைப் புண்படுத்தினார், யார் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தொலைக்காட்சிகளில் தொண்டை கிழியப் பேசி முடித்துவிட்டார்கள். அதற்குள் நான் போகவில்லை. என்னை உறுத்திக்கொண்டிருப்பது எங்கள் அலுவலகத்தில் நடந்த ஒரு சின்ன விஷயம்.

மெய்ப்புத் திருத்தும் பிரிவில் ஓர் அக்கா இருக்கிறார். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியில் புறப்பட்டு, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று பழனிவரை நடந்துவிட்டு, காலில் கொப்புளம் ஆறுவதற்கு முன்பே வேலைக்கு வந்துவிட்டார். கையில் பஞ்சாமிர்த டப்பா. மேஜை மேஜையாக ஆளுக்கு ஒரு கரண்டி கொடுத்துக்கொண்டு வந்தவரிடம், புதிதாகச் சேர்ந்த உதவி ஆசிரியர், "சிலை மேல ஊத்தினதையெல்லாம் நான் திங்க மாட்டேன்" என்றார். அக்கா பதில் பேசவில்லை. டப்பாவை மூடிக்கொண்டு தன் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். மிச்ச மேஜைகளுக்குப் போகவில்லை.

தம்பி, நானும் சாமி கும்பிடாதவன்தான். உன் வயதுக்கு முன்பிருந்தே. என் கல்யாணத்தில் புரோகிதர் இல்லை, ஓமம் இல்லை. மாலை மாற்றிக்கொண்டோம், அவ்வளவுதான். அந்தத் திருமணம் செல்லும் என்று 1967-இல் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது. எனவே பக்தி முற்றிப்போய் உன்னைக் கண்டிக்கிறேன் என்று நினைக்காதே.

வேண்டாம் என்று சொல்ல உனக்கு முழு உரிமை உண்டு. சர்க்கரை வியாதிக்காரர் நாலு மேஜை முன்னால் அதைத்தான் சொன்னார். அக்கா சிரித்துக்கொண்டே நகர்ந்தார். நீ வேண்டாம் என்பதோடு நிற்கவில்லை. நத்தம் ரோட்டில் வெயிலில் அவர் நடந்த நடையை ஒரே வாக்கியத்தில் மிதித்தாய். அதுவும் எப்போது? அவர் தன் கையால் உனக்கு ஒன்றைக் கொடுக்க வந்தபோது. வாங்கிச் சாப்பிட்டிருந்தால் முருகனை நம்புகிறேன் என்று கையெழுத்துப் போட்டதாக ஆகியிருக்காது. நோன்புக் கஞ்சியும் கிறிஸ்துமஸ் கேக்கும் எத்தனையோ வருஷமாக என் வீட்டுக்கு வருகின்றன. சாப்பிடுகிறேன், பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தருவதில்லை.

நீ அடிக்கடி மேற்கோள் காட்டும் பெரியாரையே எடுத்துக்கொள். 1953-இல் பிள்ளையார் பொம்மையைப் பகிரங்கமாக உடைத்தவர் அவர். அதே பெரியார் குன்றக்குடி மடத்துக்குப் போனபோது அடிகளார் தரப்பில் திருநீறு தந்தார்கள், மறுக்காமல் ஏற்றுக்கொண்டார். அக்கா நடக்கத் தொடங்கிய அதே ஊரில்தான். கொள்கையில் எதிர்த் துருவமான ராஜாஜி 1972 டிசம்பரில் இறந்தபோது, தொண்ணூற்று மூன்று வயதில் சுடுகாடுவரை வந்து அழுதார். மேடையில் அவர் யாருக்கும் தயவு காட்டியதில்லை. தன்னை மதித்து எதிரே நின்ற மனிதரைச் சிறுமைப்படுத்தியதும் இல்லை. அவரிடமிருந்து நீ பாதியைத்தான் படித்திருக்கிறாய்.

இப்போது பக்தர்களிடமும் ஒரு வார்த்தை. மரியாதை எங்களுக்கும் வேண்டும். "சாமி கும்பிடாதவனுக்கு நல்லது கெட்டது எப்படித் தெரியும்?" என்று கேட்டு எனக்கு வாடகை வீடு மறுத்தவர்கள் உண்டு. பூஜை அறையை என்ன செய்வீர்கள் என்று கவலைப்பட்டவர்களும் உண்டு. அரசியல் சட்டத்துக்கு அந்தச் சந்தேகம் வரவில்லை. பதவி ஏற்பவர் கடவுள் பெயரால் ஆணையிடலாம், உளமார உறுதியும் கூறலாம்; இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. மந்திரி ஆகலாம், குடித்தனம் மட்டும் வரக்கூடாதா?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இதை நான் பல தடவை எழுதியிருக்கிறேன், இனியும் எழுதுவேன். பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் மதம், சாதிக் கட்டங்களைப் பெற்றோர் விரும்பினால் நிரப்பாமல் விடலாம் என்று 1973-லேயே தமிழ்நாடு அரசு ஆணை போட்டுவிட்டது. ஐம்பது வருஷம் தாண்டிவிட்டது. என் பேத்தியைச் சேர்க்கப் போனபோது, "ஏதாவது ஒண்ணு போடுங்க சார், கம்ப்யூட்டர் எடுக்காது" என்றார் பள்ளி எழுத்தர். மூன்று தடவை ஆணையைச் சொன்னேன். கடைசியில், நாங்கள் எழுதாத மதத்தை அவரே எழுதிக்கொண்டார். அக்காவின் டப்பாவைத் தட்டிவிட்ட அதே அலட்சியம்தான் இதுவும். சலுகைக்காகவோ விருப்பத்துக்காகவோ எழுத நினைப்பவர்கள் தாராளமாக எழுதட்டும். எழுத விரும்பாதவரின் பிள்ளைக்கு எழுத்தர் மதம் கொடுக்க வேண்டாம்.

தம்பி, அக்கா நாளைக்கும் வேலைக்கு வருவார். அவர் மேஜைக்குப் போய், தப்பாகப் பேசிவிட்டேன் என்று சொல். தலைமை ஆசிரியர்களே, ஜூன் மாதம் வருகிறது. அந்தக் கட்டம் காலியாக வந்தால் காலியாகவே விட்டுவிடுங்கள்.