தாமரைக் கிழங்கு சூப்பும் நமது மசாலாப் பொடியும்



சில ஆண்டுகளுக்கு முன், பள்ளி விடுமுறையின்போது, பன்றி விலா எலும்பும் தாமரைக் கிழங்கும் சேர்த்துச் சீனர் முறையில் சூப்பு வைக்க முயன்றேன். இஞ்சி பூண்டு விழுது, மஞ்சள்தூள், மிளகுதூள், கறிவேப்பிலை எனக் கைக்கு எட்டியவற்றை எல்லாம் இட்டேன். அண்டை வீட்டுச் சீன அம்மையாருக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தேன். பருகிய அவர் புன்னகையுடன், “கறி நன்றாக இருக்கிறது” என்றார். பாராட்டுத்தான். ஆனால், நான் வைத்தது கறியன்று!

மறுவாரம் அவரே தம் அடுக்களையில் எனக்குக் கற்றுக்கொடுத்தார். 600 கிராம் விலா எலும்பை முதலில் கொதிநீரில் 5 நிமிடம் இட்டு எடுத்து, ஒட்டியிருக்கும் நுரையையும் அழுக்கையும் கழுவிவிட வேண்டும். தெளிந்த சூப்புக்கு இதுவே அடிப்படை. பிறகு 2.5 லிட்டர் நீரில் அந்த எலும்பு, தோல் சீவித் தடிமனாக நறுக்கிய 500 கிராம் தாமரைக் கிழங்கு, முன்னரே ஊறவைத்த ஒரு கைப்பிடி நிலக்கடலை, கொட்டை நீக்கிய சிவப்பு நிறச் சீன இலந்தை ஆறு, காய்ந்த கணவாய் ஒரு சிறு துண்டு ஆகியவற்றை இட வேண்டும். நன்கு கொதித்ததும் தீயைத் தணித்து இரண்டு மணி நேரம் விட்டுவிட வேண்டும். உப்பு இறுதியில்தான். மண்சட்டி நன்று, இரும்புச் சட்டியில் கிழங்கு கருத்துவிடும். முற்றிய, மாவுத்தன்மை மிகுந்த கிழங்கையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

மசாலா எங்கே என்று தேடுகிறீர்களா? இல்லை. இந்தச் சூப்பின் மசாலா, நேரம். கண்டோனீசியர் இவ்வகைச் சூப்பை ‘லோ ஃபோ தோங்’ என்பர். நெடுநேரம் தீயில் இருந்த சூப்பு என்பது பொருள். பொறுமையையே பெயராகக் கொண்ட உணவு இது.

“மருந்தென்றால் குடிக்கலாம், உறைப்பே இல்லாத ஒன்றை உணவென்று எப்படிக் குடிப்பது?” என்று என் உறவினர் ஒருவர் கேட்டார். உண்மை இதற்கு நேர்மாறானது. எலும்பை எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் சுண்ணாம்புச் சத்து சிறிதளவே நீரில் இறங்குகிறது. புரதத்தின் பெரும்பகுதி இறைச்சியிலேயே தங்கிவிடுகிறது. எனவே அதைச் சக்கையென்று எறியாமல், சிறிது சோயாக் குழம்பில் தோய்த்து உண்ண வேண்டும். கீல்வாதம் உடையோருக்கோ நெடுநேரம் வெந்த இறைச்சி சூப்பு ஆகாது. ஆகவே, மருந்தாக இது பெரிதன்று, உணவாகவே பெரிது. கிழங்கின் மெல்லிய இனிப்பும் கடலையின் கொழுமையும் உறைப்பில்லாத நாவுக்கே புலப்படும்.

நம் சமையலைப் பிறர் “வெறும் காரம்” என்று ஒரே சொல்லில் ஒதுக்கும்போது நாம் வருந்துகிறோம். பிறர் சமையலை “சப்பென்றிருக்கிறது” என்று நாம் ஒதுக்குவதும் அதே பிழைதானே? பிறமொழிச் சொல்லை நம் வசதிக்கேற்பத் திரித்துவிட்டு, அம்மொழியை அறிவேன் என்று சொல்லும் மாணவனை நான் திருத்துவேன். அடுக்களையில் நானே அந்த மாணவனாக இருந்தேன்.

கலந்து சமைப்பது தவறென்று கூறவில்லை. மலேசியாவில் கலப்பால் பிறந்த நல்லுணவுகள் பல உண்டு. ஆயினும், ஒன்றை மாற்றும் முன் அதை அதன் இயல்பில் ஒருமுறையேனும் சுவைத்திருக்க வேண்டும். பன்றி இறைச்சி உண்ணாதோர் கோழியைக் கொண்டும் இதே சூப்பை வைக்கலாம். மசாலா டப்பாவை மட்டும் அன்று ஒருநாள் திறவாதிருங்கள்.

இரண்டாம் முறை நான் வைத்த சூப்பைப் பருகிய அம்மையார் ஒன்றும் சொல்லவில்லை. கிண்ணத்தை மட்டும் மீண்டும் நீட்டினார்.