பெரிய ஃபைல் எல்லாம் நல்ல ஃபைல் இல்லை

ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி ஏற வரும் கூட்டத்தில் எங்கள் வத்திராயிருப்பு எப்படித் திணறுமோ, அப்படித் திணறிக்கொண்டிருந்தது என் ஹார்ட் டிஸ்க். 1 டிபி. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்தால், பாதி இடத்தை அடைத்திருப்பது ஒரே படத்தின் இரண்டு மூன்று பிரதிகள். ஒன்று டிவிடியில் எடுத்தது, ஒன்று 720, ஒன்று 1080. சரி, பெரியதை வைத்துக்கொண்டு சின்னதை அழிப்போம் என்று ஆரம்பித்தேன்.

அப்பா அம்மா கல்யாண வீடியோவும் இரண்டு இருந்தது. 2001ல் விஎச்எஸ் கேசட்டில் எடுத்தது. அதிலிருந்து போட்ட விசிடி ஒன்று, 1.2 ஜிபி. பிறகு ஒரு ஸ்டுடியோவில் கொடுத்து 'ஹெச்டி' ஆக்கியது இன்னொன்று, 4 ஜிபி. விசிடியை அழிக்கப் போகும்போது அம்மா சொன்னார்: "டேய், உங்க அப்பத்தா குரல் அதுலதான்டா இருக்கு."

போட்டுப் பார்த்தேன். ஹெச்டியில் முழுக்க சினிமாப் பாட்டு. விசிடியில் அப்பத்தா வீடியோக்காரரைப் பார்த்து, "ஏய்யா, மொதல்ல சாப்டுட்டு வா, பொறவு படம் புடிக்கலாம்" என்கிறார். அப்பத்தா இப்போது இல்லை. அவர் குரல் எங்களிடம் இருப்பது அந்த ஒரு இடத்தில்தான். ஒரு டெலீட் பட்டனில் போயிருக்கும்!

அதற்கப்புறம் கொஞ்சம் கணக்குப் போட்டேன். விசிடியின் படம் 352க்கு 288, அதாவது சுமார் 1 லட்சம் புள்ளிகள். 1920க்கு 1080 என்றால் சுமார் 20 லட்சம். ஆக, 20 புள்ளியில் 19 கம்ப்யூட்டர் ஊகித்துப் போட்டது. ஃபைல் பெருத்ததே தவிர விவரம் கூடவில்லை. போதாக்குறைக்கு 4:3 படத்தை அகலத் திரைக்காக வெட்டியதில் உயரத்தில் கால்வாசி காலி. மணமேடையில் நின்றிருந்தவர்கள் பலருக்குத் தலையே இல்லை :-)

இதற்கு நேரெதிரும் உண்டு. ஹெச்.265ல் சுருக்கிய ஃபைல், ஹெச்.264ல் இருப்பதைவிடப் பாதி அளவில் கிட்டத்தட்ட அதே தரம் தரும். எனவே அளவை மட்டும் பார்த்து எதையும் அழிக்காதீர்கள் என்பதே என் கட்சி.

அதற்காக எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு அழவும் சொல்லவில்லை. நான் செய்வது இதுதான்:

1. செக்சம் ஒத்துப்போனால் அச்சு அசல் நகல். பெயர் வேறாக இருந்தாலும் யோசிக்காமல் அழிக்கலாம்.
2. ஒத்துப்போகாவிட்டால், மீடியாஇன்ஃபோவில் இரண்டின் கோடெக், பிட்ரேட், நீளம், ஆடியோ பார்ப்பேன். பிறகு ஒரே காட்சியை இரண்டிலும் ஓடவிட்டுக் கண்ணால் பார்ப்பேன், காதால் கேட்பேன்.
3. கடையில் வாங்கக் கிடைக்கிற சினிமாவுக்கு ஒரு பிரதி போதும்.
4. வீட்டு வீடியோவில் மூலத்துக்கு மிக நெருக்கமானது எதுவோ அதைத் தொடவே கூடாது. பார்க்க வசதியாக வேண்டுமானால் இன்னொன்று. மறுபடி மறுபடி மாற்றினால் ஒவ்வொரு தடவையும் தரம் கொஞ்சம் போகும். வாட்ஸ்அப்பில் அனுப்பியதை அசல் என்று நினைத்துக்கொள்ளவே வேண்டாம்.

பெரிய இடத்துக் கதையும் இதுதான். 1964ல் வந்த 'கர்ணன்' டிஜிட்டலில் சீராக்கப்பட்டு 2012ல் மறுபடி தியேட்டரில் ஓடியது என்றால், சீராக்க ஏதோ ஒரு நல்ல பிரதி மிஞ்சியிருந்ததால்தான். முதல் தமிழ்ப் பேசும் படமான 1931ன் 'காளிதாஸ்' இன்று பார்க்கக் கிடைப்பதில்லை. நாளைக்கு இன்னும் நல்ல மென்பொருள் வரும். ஆனால் அதற்கும் கொடுக்க அசல் வேண்டுமே?

சினிமாப் பிரதிகளை அழித்ததில் நிறைய இடம் கிடைத்தது. அந்த 1.2 ஜிபி மட்டும் இப்போது இரண்டு இடத்தில் இருக்கிறது: ஒன்று என்னிடம், ஒன்று ராஜபாளையத்தில் மாமா வீட்டில்.

உங்கள் வீட்டிலும் பழைய விசிடி தட்டுகள் பீரோவில் கிடக்கும். தட்டு கெட்டுப்போவதற்குள் எடுத்து ஒருமுறை போட்டுப் பாருங்கள். சத்தத்தோடு.