லூசன் மலையின் விளிம்பு

ஜெர்மனியின் பவேரியக் காடு, செக் நாட்டு எல்லையை ஒட்டிய மலைநிலம். அங்கே 1,373 மீட்டர் உயரமுள்ள லூசன் மலையைச் சுற்றி, 1990களில் ஸ்ப்ரூஸ் மரங்கள் கூட்டம் கூட்டமாகப் பட்டுப்போயின. அரிசி மணியளவே உள்ள பட்டை வண்டுதான் காரணம். அது பட்டையைத் துளைத்து முட்டையிடும். புழுக்கள் உள்பட்டையைத் தின்னத் தின்ன, மரம் நின்றபடியே காய்ந்துவிடும்.

1970இல் ஜெர்மனியின் முதல் தேசியப் பூங்கா அமைந்த இடம் இது. 1983 ஆகஸ்டில் புயல் சாய்த்த மரங்களை அகற்ற வேண்டாம், காடு தன் வழியில் மீளட்டும் என்று பவேரிய அமைச்சர் ஹான்ஸ் ஐசன்மான் முடிவெடுத்தார். விழுந்த மரங்களில் வண்டு பெருகியது. பின்னர் நின்ற மரங்களுக்கும் பரவியது.

ஊர்க்காரர்கள் கொதித்தார்கள். கண்ணாடி உலைகளுக்கு விறகு வெட்டியும் மரம் விற்றும் தலைமுறைகளாகப் பிழைத்தவர்கள் அவர்கள். மரங்களை அகற்றாமல் விடுவது, விளைந்த கதிரை வயலிலேயே அழுகவிடுவதைப் போலத்தான் அவர்களுக்குத் தெரிந்தது. 1997இல் பூங்கா ட்ஸ்வீசல் பக்கம் விரிவாக்கப்பட்டபோது எதிர்ப்பு இன்னும் வலுத்தது. அந்தக் கோபத்தை அறியாமை என்று ஒதுக்குவது அநியாயம். சிறிய தோப்பு வைத்திருப்பவருக்கு அந்த மரங்கள்தான் சேமிப்பு.

இன்று லூசன் சரிவில் பட்ட மரங்களுக்கிடையே இளம் ஸ்ப்ரூஸும் ரோவன் மரங்களும் யாரும் நடாமலே எழுந்திருக்கின்றன. ஐசன்மானின் முடிவு சரிதான். ஆனால் சரியான முடிவின் விலையைப் பக்கத்துத் தோப்புக்காரர் மட்டும் கொடுக்கக் கூடாது. அதற்காகத்தான் பூங்காவின் ஓரத்தில் குறைந்தது 500 மீட்டர் அகலப் பட்டி இருக்கிறது. உள்ளே வண்டைத் தொடுவதில்லை. இந்தப் பட்டியில் மட்டும் வண்டேறிய மரங்களைப் பூங்கா ஊழியர்களே தேடி வெட்டுகிறார்கள். நடுக்காட்டைப் புகழப் பலர் உண்டு. எனக்கு இந்த ஓரம்தான் பெரிதாகப் படுகிறது.

பூங்கா மட்டும் உழைத்தால் போதாது. தோப்புக்காரர் கோடையில் தன் மரத்தடியில் வண்டு துளைத்த தூள் கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவர் தாமதித்தால் அடுத்தவர் தோப்பு போகும். மலையேற வருபவர் குறித்த பாதையை விட்டு விலகக் கூடாது, வறண்ட நாளில் தீ மூட்டவே கூடாது. மியூனிக்கில் இருந்துகொண்டு காட்டின் பெயரால் பெருமைப்படுபவர், அந்த ஓரப் பட்டிக்கு ஆகும் வரிப்பணத்தை வீண்செலவு என்று சொல்லக் கூடாது. அதைக் குறைக்கும் பேச்சு எழுந்தால், ஊர்க்காரரும் சூழல் ஆர்வலரும் ஒரே பக்கம் நின்று எதிர்க்க வேண்டும்.