சூளையில் வெந்த ஃபயர் இன்ஜின்

ஒரு சின்னப் பையன் "எனக்கு ஃபயர் இன்ஜின் செய்யற கம்பெனியப் பாக்கணும்"னு கேட்டா என்ன செய்வோம்? முதல்ல சிரிப்போம். அப்புறம் பஜார்ல ஒரு சிவப்பு பிளாஸ்டிக் வண்டி வாங்கிக் கொடுத்து வாயை அடைப்போம். அந்த ரெண்டாவது வேலை சரியில்லைங்கறதுதான் இந்தப் பதிவு.

விருத்தாசலத்துல இருக்கிற என் அக்கா பையனுக்கு ஆறு வயசு. ஒரு நாள் எழுந்ததும் எழாததுமா, "மாமா, கனவுல ஃபயர் இன்ஜின் கம்பெனிக்குப் போனேன்"னான். என்னடா பாத்தேன்னு கேட்டேன். "பெரிய்ய அச்சு மாமா. அதுக்குள்ள கூழ் ஊத்துறாங்க. காய வெச்சு, வர்ணம் அடிச்சு, சூளையில வெக்கிறாங்க. வெளிய எடுத்தா வண்டி! ஏணி மட்டும் தனியா ஒட்டணுமாம்."

வீடே சிரிச்சுது. ஆனா யோசிச்சுப் பாருங்க மக்களே, பீங்கான் பொம்மை கிட்டத்தட்ட அப்படித்தான் பிறக்குது. களிமண்ணைக் கூழாக் கரைச்சு பிளாஸ்டர் அச்சுல ஊத்துவாங்க. அச்சு தண்ணியை உறிஞ்சிக்கும். சுவரோரமா மண் ஒரு தோல் மாதிரிப் படியும். மிச்சக் கூழைக் கவுத்து ஊத்திட்டா உள்ளே கூடான பொம்மை ரெடி. நீட்டிக்கிட்டு நிக்கிற கைப்பிடி மாதிரி சமாச்சாரத்தைத் தனியாத்தான் ஒட்டுவாங்க. அப்புறம் உலர்த்தி, பூச்சு கொடுத்து, சூளை. பக்கத்து வீட்டு ஆயா பொம்மை கம்பெனியில வேலை பாக்குறாங்க. அவங்களோட ரெண்டு தடவை போய்ப் பாத்திருக்கான் பயல். அவனுக்குத் தெரிஞ்ச கம்பெனி அது ஒண்ணுதான். அதை வெச்சு தெரியாத கம்பெனியைக் கட்டிட்டான். சின்ன வயசுல இதைவிட நல்ல படிப்பு வேற என்ன வேணும்?

எனக்கு உறைச்சது வேற விஷயம். அவன் வகுப்புல சூளைக்குப் பக்கத்துல போய்ப் பாத்த இன்னொரு பிள்ளை கிடையாது. பீங்கானுக்குன்னே தொழிற்பேட்டை இருக்கிற ஊரு, பீங்கான் தொழில்நுட்பத்துக்கு அரசு டிப்ளமோ படிப்பு இருக்கிற ஊரு. ஆனா ஸ்கூல் டூர்னா பஸ் ஏறி எங்கேயோ இருக்கிற தீம் பார்க்குக்குப் போவாங்களாம்! கொலுப்படியில பொம்மையைப் பாக்கலாம், அது பிறக்கிற இடத்தைப் பாக்கக் கூடாதா?

சரி, நிஜ ஃபயர் இன்ஜின் எப்படித் தயாராகுது? நம்ம நாட்டுல பெரும்பாலும் அது ரெண்டு பிறவி எடுக்கும். அடிச்சட்டமும் இன்ஜினும் அசோக் லேலண்ட், டாட்டா மாதிரி லாரி கம்பெனியில இருந்து வரும். தண்ணித் தொட்டி, பம்ப், ஏணி, சைரன் எல்லாம் வேற பட்டறையில ஏறும். கரூர்ல பஸ்ஸுக்கு பாடி கட்டுறாங்களே, அந்த மாதிரி. தொட்டிக்குள்ள குறுக்கே தடுப்புத் தகடுங்க இருக்கும். இல்லேன்னா வளைவுல டன் கணக்குத் தண்ணி ஒரு பக்கமா அலையடிச்சு வண்டியைச் சாய்ச்சிடும். வண்டியை ஓட்டுற அதே இன்ஜின்தான் பம்பையும் சுத்தும். இதைச் சொன்னதும் பயல் கேட்டான், "அப்ப ஓடிக்கிட்டே தண்ணி அடிக்குமா?" ஊர்ல பாக்குற வண்டி நின்னுதான் அடிக்கும், விமான நிலையத்து வண்டிங்க ஓடிக்கிட்டே அடிக்கும். ஆறு வயசுக் கேள்வியா இது?

ஃபேக்டரி தூரம், ஒத்துக்கறேன். ஆனா தீயணைப்பு நிலையம் ஊருக்குள்ளயே இருக்கு. சூளையும் இருக்கு. ஒரு இடத்துல நெருப்பை வேலை வாங்குறாங்க, இன்னொரு இடத்துல அதை அடக்குறாங்க. ஒரே நாள்ல ரெண்டையும் காட்டலாம்.

எந்த நாள்ல? ஏப்ரல் 14 தேசிய தீயணைப்பு சேவை நாள். 1944-ல பம்பாய் துறைமுகத்துல வெடிமருந்தும் பருத்தியும் ஏத்தி நின்ன ஃபோர்ட் ஸ்டிகின் கப்பல் தீப்பிடிச்சு வெடிச்சுது. அதுல செத்த தீயணைப்பு வீரர்கள் நினைவா அந்த நாள். அன்னிக்கு ஒரு வாரம் விழிப்புணர்வு எல்லாம் தொடங்கும். ஆனா நமக்கு அன்னிக்குத் தமிழ்ப் புத்தாண்டு லீவு. அதை ஒட்டி முழுப்பரீட்சை. பிள்ளைங்க எங்கே வரும்?

அதனால நான் சொல்ற நாள் ஜூலை 16. கும்பகோணத்துல 2004-ல அந்தத் தேதியிலதான் பள்ளிக்கூடத்துக் கீத்துக்கொட்டகை பத்திக்கிட்டு 94 பிள்ளைங்க போச்சுங்க. அதுல குழந்தைங்க தப்பு துளிகூட இல்லை, எல்லாம் பெரியவங்க செஞ்சது. அதுக்கப்புறம் பள்ளிக்கூடங்கள்ல கீத்துக் கூரையை எடுக்கச் சொன்னாங்க. சரிதான். கூரையை மாத்தினோம், தீயைப் பத்தி பிள்ளைங்களுக்கு என்ன சொல்லிக் கொடுத்தோம்? வருஷா வருஷம் மெழுகுவர்த்தி ஏத்தறோம். அதோட, ஊர் ஊருக்கு அன்னிக்கு ஸ்டேஷன் கதவைத் திறந்து விடலாம். பைப்பைக் கையில கொடுத்து கனம் பாக்கச் சொல்லலாம். புகை வந்தா குனிஞ்சு ஓடணும், ஓடிப் போய் ஒளியக் கூடாதுன்னு சீருடை போட்ட அண்ணன் சொன்னா மனசுல நிக்கும். நாம சொன்னா நிக்காது.

"சூளை கிட்ட குழந்தையா, ஆபத்துப்பா"ன்னு சொல்வீங்க. எரியற சூளைகிட்ட யாரு விடச் சொன்னா? பத்தடி தள்ளி நின்னா முகத்துல சூடு அடிக்கும்ல, அது போதும். நெருப்பு என்ன செய்யும்னு அந்தச் சூடு சொல்லிக் கொடுத்திடும். கம்பெனிக்காரங்களுக்கு வேலை கெடும்னா, வருஷத்துல அரை நாள் கேக்குறேன், அவ்வளவுதான்.

பெத்தவங்களும் வாத்தியார்களும் படிக்கிறீங்கல்ல? இந்த ஜூலைக்குள்ள உங்க ஊர் ஸ்டேஷன்ல ஒரு லெட்டர் கொடுத்துப் பாருங்க. என்ன பதில் வந்துச்சுன்னு வந்து சொல்லுங்க.

டிஸ்கி: பிளாஸ்டிக் ஃபயர் இன்ஜின் வாங்கக் கூடாதுன்னு சொல்லலீங்க. வாங்கிட்டு, நிஜ வண்டியையும் காட்டுங்க :-)