நெடுந்தீவுக்கும் நாலரை மணித்தியாலம்தான்

ஆசிரியர் அவர்கட்கு,

பாரிசவாதம் வந்தவருக்கு இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணித்தியாலத்துக்குள் போட்டாக வேண்டும். அதற்கு முன் சி.ரி. ஸ்கான் எடுத்து, மூளையில் இரத்தக்குழாய் அடைத்திருக்கிறதா வெடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெடித்தவருக்கு அந்த ஊசியே எமன். தீவகத்து ஆஸ்பத்திரி எதிலும் அந்த ஸ்கான் இல்லை. எங்கே கொண்டுபோனாலும் கடைசியில் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குத்தான் அனுப்ப வேண்டும்.

அல்லைப்பிட்டியாரான எங்களுக்குப் பண்ணைப் பாலம் தாண்டினால் யாழ்ப்பாணம். எங்களுக்கு அப்பால் இருப்பவர்களின் நிலை வேறு. நெடுந்தீவில் இரவு எட்டு மணிக்கு ஒருவருக்கு வாய் கோணி, ஒருபக்கக் கைகால் விளங்காமல் போகிறது என்று வையுங்கள். முதலில் அங்குள்ள ஆஸ்பத்திரி. வைத்தியர் பார்த்து எழுதித் தந்தபின் படகும் ஓட்டியும் எண்ணெயும் கிடைக்க வேண்டும், இல்லையேல் கடற்படையைக் கேட்க வேண்டும். குறிகட்டுவானுக்குக் கடலில் ஒரு மணித்தியாலம். சோளகம் எழும்பினால் அதுவும் நிச்சயமில்லை. பிறகு புங்குடுதீவு, வேலணை, மண்கும்பான் என்று தரைவழி. நல்லூரில் விழுந்தவருக்கு ஊசி போட்டு முடிகிற நேரத்தில் இவர் இன்னும் இறங்குதுறையில் கிடப்பார். ஒரே மாவட்டத்தில் இது என்ன நீதி?

2018 ஜூலையில் 1990 என்ற இலக்கத்துக்கு அழைக்கும் அம்புலன்ஸ் வடக்குக்கு வந்தது பெரிய உதவிதான். ஆனால் அது கடலைத் தாண்டி வராது.

சனம் குறைந்த தீவுகளுக்கு ஏன் செலவழிக்க வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். பிள்ளைகள் வெளிநாடும் கொழும்பும் போக, இங்கே மிஞ்சியிருப்பது வயோதிபர்கள். இந்த வருத்தம் அதிகம் தேடிவருவதும் அவர்களைத்தான்.

கொழும்பில் இருப்பதெல்லாம் இங்கே வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைக்கு ஒரு ஸ்கான் தாருங்கள். அனலைதீவு, எழுவைதீவுச் சனம் கரையேறுவதே அந்தத் துறையில்தான். படத்தை யாழ்ப்பாணத்து நரம்பியல் நிபுணர் இணையத்தில் பார்த்துச் சொன்னால், முதல் ஊசியை அங்கேயே போட்டு அனுப்பலாம். அதுவரைக்கும், தரைவழி உள்ள ஊர்களின் நோயாளியைச் சின்ன ஆஸ்பத்திரிகளில் மறிக்காமல் நேரே யாழ்ப்பாணத்துக்கு ஏற்றுங்கள். புறப்படும்போதே தொலைபேசியில் அறிவித்தால் ஸ்கான் அறை ஆயத்தமாக இருக்கும். நெடுந்தீவில் இரவுபகல் முறைவைத்துக் கடமையில் நிற்கும் ஓட்டிகளோடு நோயாளர் படகொன்று எப்போதும் தயாராக நிற்க வேண்டும்.

இவற்றில் எதை எப்போது செய்வார்கள் என்று வடமாகாண சுகாதாரத் திணைக்களம் தங்கள் பத்திரிகை மூலமே மக்களுக்குப் பதில் தர வேண்டும்.

இங்ஙனம்,
தீவக வாசகர்,
அல்லைப்பிட்டி.