ஒரே குழந்தை: லாபம் பிள்ளைக்கு மட்டும்தானா?

முதல் பிள்ளைக்கு மூன்று வயது தாண்டினால் போதும். பொங்கலுக்கு ஊருக்குப் போகும் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிலாளர் தம்பதியரிடம் பாட்டி, அத்தை, பக்கத்து வீட்டு அக்கா என்று ஆளாளுக்குக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அடுத்தது எப்போ?" 'ஒண்ணு போதும்' என்று சொல்லிவிட்டால், 'தனிமரம் தோப்பாகுமா?' என்று அடுத்த நொடியே பதில் வரும்.

இப்போது இதில் அரசியலும் சேர்ந்துவிட்டது. மக்கள்தொகையை வைத்துத் தொகுதி மறுவரையறை நடந்தால் தமிழ்நாட்டின் எம்.பி. இடங்கள் குறைந்துவிடும் என்ற கவலையில், புதுமணத் தம்பதியர் தாமதிக்காமல் குழந்தை பெற்றுக்கொள்ள வேண்டும் என்று 2025 மார்ச்சில் நாகப்பட்டினம் திருமண விழாவில் முதல்வர் மு.க.ஸ்டாலின் கேட்டுக்கொண்டார். வேடிக்கை என்னவென்றால், 1992-ல் தொடங்கிய பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டத்தில், ஒரே ஒரு பெண் குழந்தையோடு நிறுத்திக்கொண்டு குடும்பக் கட்டுப்பாடு செய்துகொள்ளும் தகுதியுள்ள ஏழைக் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் வைப்புத்தொகை தருவதும் இதே மாநிலம்தான். இரண்டு பெண் குழந்தைகள் என்றால் தலைக்கு 25,000.

மேடைப் பேச்சுக்காக யாரும் குழந்தை பெற்றுக்கொள்வதில்லை என்பது வேறு விஷயம். தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள். மக்கள்தொகை குறையாமல் இருக்கத் தேவையான அளவு 2.1. சராசரி இரண்டுக்குக் கீழே இறங்கிவிட்டது என்றால், ஒன்றோடு நிறுத்திக்கொள்ளும் வீடுகளுக்கும் அதில் பங்கு உண்டு.

ஒற்றைப் பிள்ளை பிடிவாதம் பிடிக்கும், யாருடனும் ஒட்டாது, சுயநலமாக வளரும் என்ற பேச்சுக்கு ஆதாரம் உண்டா? டெக்சாஸ் பல்கலைக்கழக உளவியலாளர் டோனி ஃபால்போவும் டெனிஸ் போலிட்டும் 1986-ல் 115 ஆய்வுகளை ஒன்றாக வைத்து அலசினார்கள். மற்றவர்களோடு பழகுவதில் ஒற்றைப் பிள்ளைகளுக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பெற்றோருடனான உறவு ஒற்றைப் பிள்ளைகளுக்கே நன்றாக இருந்தது. படிப்பில் பெரிய குடும்பத்துப் பிள்ளைகளைவிட முன்னால் இருந்தார்கள். இரண்டு பிள்ளை வீட்டோடு ஒப்பிட்டால் சொல்லிக்கொள்ளும்படி இடைவெளி இல்லை. ஒற்றைப் பிள்ளை மேதை ஆகும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. கெட்டுப்போகாது, அவ்வளவுதான்.

காரணம் சாதாரணக் கணக்கு. சம்பளம், நேரம், பொறுமை எதுவும் அளவில்லாமல் கிடைப்பதில்லை; பங்கு போடப் போட ஒவ்வொருவருக்கும் குறையும். பெண் பிள்ளைக்கு இந்தக் கணக்கு இன்னும் முக்கியம். கையில் காசு இறுகும்போது இங்கிலீஷ் மீடியம் தம்பிக்கும் அரசுப் பள்ளி அக்காவுக்கும் என்று பிரியும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. ஒரே மகள் உள்ள வீட்டில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. படிப்பும் அவளுக்குத்தான், வீடும் அவளுக்குத்தான்.

ஆக, பிள்ளைக்கு லாபம். அம்மாவுக்கு?

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. 'ஒரு குழந்தைதானே, வேலைக்குப் போகலாமே' என்று தோன்றும். இந்தியாவின் ஒற்றைக் குழந்தைக் குடும்பங்களை ஆராய்ந்த அல்கா பாசு, சோனல்டே தேசாய் ஆகியோரின் 2016 கட்டுரை வேறு மாதிரிச் சொல்கிறது. இந்த வீடுகள் குழந்தையின் படிப்பில் அதிகம் செலவிடுகின்றன. ஆனால் அம்மா வேலைக்குப் போவது அதனால் பெரிதாகக் கூடிவிடவில்லை. மிச்சப்பட்டது எல்லாம் பிள்ளையின் படிப்புக்கே போய்விடுகிறது.

ஏன் என்பதை இந்தத் தொழில் வட்டாரத்தில் நின்று பார்த்தால் புரியும். 1990-களின் கடைசியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தியைத் தொடங்கியது. பிறகு ஒரகடத்தில் ரெனோ-நிசான், டைம்லர், சுங்குவார்சத்திரத்தில் எலக்ட்ரானிக்ஸ் என்று ஆலைகள் வரிசைகட்டின. வேலைக்கு வந்தவர்களில் வெளிமாவட்டத்துக்காரர்கள் ஏராளம். மாத்தூரிலோ படப்பையிலோ ஒற்றை அறை வாடகை வீடு, பாட்டி ஊரில். கணவனுக்கு ஒரு ஷிப்ட், மனைவிக்கு இன்னொரு ஷிப்ட் என்றால், இரண்டு கம்பெனி பஸ்களுக்கும் இடைப்பட்ட நேரத்தில் குழந்தை யாரிடம் இருக்கும்? இரண்டு வயதுக் குழந்தை ஒன்று என்றாலும் அதைப் பார்த்துக்கொள்ள முழுசாக ஓர் ஆள் வேண்டும். பாதிக் குழந்தைக்குப் பாதி ஆள் என்று கணக்குப் போட முடியாது.

வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. பெரிய விஷயம்தான், சந்தேகமில்லை. ஆனால் அது தனியாக வரும் பெண்களுக்கான இடம். இருபது வயதில் அங்கே தங்கி வேலை பார்க்கும் பெண், இருபத்தேழு வயதில் குழந்தையோடு நிற்கும்போது அவளுக்கு என்ன ஏற்பாடு?

ஒரு குழந்தையால் அம்மாவுக்குக் கிடைக்கும் உண்மையான ஆதாயம், ஆண்டுகள். இரண்டாவது பிள்ளையும் பள்ளிக்குப் போகும்வரை ஏழெட்டு வருடம் வீட்டில் இருப்பவரைவிட, மூன்று நான்கு வருடத்தில் திரும்புபவருக்கு வேலை கிடைப்பது சுலபம். அதுவும் இந்த மூன்று நான்கு வருடங்களைத் தாண்ட யாராவது கைகொடுத்தால்தான். கருத்தடை பற்றி நாட்டின் வறுமையையும் தாயின் உடல்நலத்தையும் காரணம் காட்டிப் பலர் பேசிய காலத்தில், பெண் சுதந்திரமாக இருக்க அது வேண்டும் என்று 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் வாதாடினார் பெரியார். பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், அந்தக் காரணம் மட்டும் இன்னும் பாக்கி நிற்கிறது.

முதுமையில் பெற்றோரைப் பார்க்க ஒருவர்தானே இருப்பார் என்ற பயம் நியாயமானது. அதை மறைக்க வேண்டியதில்லை. இரண்டு பேரின் மருத்துவச் செலவும் அலைச்சலும் ஒரே தோளில் விழும். இரண்டு மூன்று பிள்ளைகள் பெற்றும் 'உன் முறை, என் முறை' என்று அலைக்கழிக்கப்படும் பெற்றோர் ஒவ்வொரு தெருவிலும் உண்டு என்பதும் உண்மை. பி.எஃப். பணத்தை நடுவில் எடுக்காமல் வைப்பதும், மருத்துவக் காப்பீட்டை இளமையிலேயே போடுவதும் ஒற்றைப் பிள்ளை வீட்டுக்கு ஆடம்பரம் இல்லை, அவசியம்.

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. 2017 மகப்பேறு சட்டத் திருத்தம், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வார விடுப்பு தந்தது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் கட்டாயம், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்த்துவரலாம் என்றது. காப்பகத்தை ஆலைக்குள்ளேயே வைக்க வேண்டும் என்பதுகூட இல்லை; பல நிறுவனங்கள் சேர்ந்து பொதுவாக நடத்தவும் இடம் உண்டு. விடியற்காலைப் பஸ்ஸில் தூங்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆலைக்குப் போவதைவிட, மாத்தூரிலும் படப்பையிலும் வாடகை வீடுகளுக்குப் பக்கத்திலேயே, ஷிப்ட் நேரத்துக்குத் திறந்திருக்கும் காப்பகம் இருப்பதே பயன். பெரிய ஆலைகள் செலவைப் பகிர்ந்தால் இது முடியாத காரியம் இல்லை. அவற்றுக்கு உதிரிபாகம் செய்துதரும் சின்னச் சின்ன யூனிட்டுகளில் 50 பேர்கூட இருக்க மாட்டார்கள். அங்கே வேலை பார்க்கும் அம்மாக்களின் பிள்ளைகளுக்கும் அந்தக் காப்பகத்தில் இடம் கிடைக்க வேண்டும்.